தோல் தொழிற்சாலைக்குக் குத்தகை: சுற்றுச்சூழல் பொறுப்பு யாருக்கு?

கேள்வி: பேரணாம்பட்டு பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. தோல் பதனிடும் தொழிற்சாலை கட்ட 15 ஆண்டு குத்தகைக்குக் கேட்கிறார்கள். ஒப்பந்த நகலில், "சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு முடிந்ததும் பணி தொடங்கும்; அது தொடர்பான பொறுப்புகள் நில உரிமையாளரையும் சேரும்" என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா ஐயா?

பதில்: இந்த வரி இப்படியே இருக்கும்வரை போடாதீர்கள்.

தாக்க மதிப்பீடு என்பது, தொழிற்சாலை வந்தால் உங்கள் ஊர்க் கிணறு, மண், காற்று எல்லாம் என்னவாகும் என்று ஆராய்ந்து எழுதும் அறிக்கை. தொழில் நடத்துபவர் தன் செலவில் தயாரிக்க வேண்டியது அது. 14.9.2006 தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கையில் தோல் பதனிடுதலும் வருகிறது. வரைவு அறிக்கையை வைத்து, குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புடன் ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்க வேண்டும். அப்புறம் நிபுணர் குழு ஆராயும். அதற்குப் பிறகுதான் சுற்றுச்சூழல் முன் அனுமதி. அது கைக்கு வரும்வரை நிலத்தைச் சமன்படுத்தக்கூட முடியாது. உங்கள் நகலில் 'அனுமதி' என்ற சொல்லே இல்லை. அறிக்கை முடிந்த மறுநாளே ஜேசிபி வந்தால், ஒப்பந்தத்தைக் காட்டி நீங்கள் தடுக்க முடியாது.

இரண்டாவது பாதிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பாலாற்றங்கரைத் தோல் கழிவு வழக்கில், மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதோடு, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சீர்படுத்தும் செலவையும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. அந்தச் சுமையில் பங்கு கேட்கத்தான் "உரிமையாளரையும் சேரும்" என்ற சொற்கள் வழிவிடுகின்றன. அதை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்: "முன் அனுமதி, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை அனைத்தையும் குத்தகைதாரர் தன் செலவில் பெற வேண்டும். அவை கிடைத்த பிறகே நிலம் ஒப்படைக்கப்படும். மாசு தொடர்பான இழப்பீடு, அபராதம், சீரமைப்புச் செலவு முழுவதும் குத்தகைதாரருடையது." அனுமதி மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் என்னாகும் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். குத்தகை முடியும்போது மண்ணும் கிணற்று நீரும் கெடவில்லை என்று காட்ட, இப்போதே இரண்டையும் பரிசோதித்து அந்த முடிவை ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.

இன்னொன்று. ஆறு, ஓடைக் கரையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இத்தகைய தொழிற்சாலைகளுக்கு 1989-லேயே தமிழக அரசாணை தடை போட்டது. கரையிலிருந்து உங்கள் நிலம் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். அந்த எல்லைக்குள் வந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

15 ஆண்டுக் குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாமல் பத்திரத்தாளில் எழுதி வைத்துக்கொள்வோம் என்று அவர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். திருத்திய நகலை உங்கள் தரப்பு வக்கீல் ஒருவர் படித்துப் பார்க்கும்வரை அட்வான்ஸும் வாங்க வேண்டாம்.