டிராக்டர் போன்ற வயல் வண்டிகளை ஆராய, திரைமுன் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கும் கார் சிமுலேட்டரையே மாற்றி அமைத்துக்கொண்டால் போதாதா?

போதாது. நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம்; ஆறு மாதம் வீணாயிற்று.

வடசென்னையில் செம்பியத்தில், டாஃபே டிராக்டர் ஆலைக்குச் சற்றுத் தள்ளி எங்கள் பட்டறை. முன்னால் மூன்று திரைகள், கார் இருக்கை, ஸ்டீயரிங். பொன்னேரிப் பக்கம் சேற்றுழவு ஓட்டும் பெரியவர் ஒருவரை முதன்முதலாக உட்காரவைத்தோம். இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். வலது கையை மட்கார்டில் ஊன்ற நீட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். வெள்ளைச் சுவர்.

"ரோட்டவேட்டர் எங்கே தம்பி?" டிராக்டரின் பின்னால் மாட்டி மண்ணைக் கலக்கும் கருவியைத்தான் கேட்டார்.

கார் ஓட்டுபவருக்கு வேலை முன்னால். உழுபவருக்குப் பாதி வேலை முதுகுக்குப் பின்னால். அன்றே ஒரு திரையைப் பின்பக்கம் மாற்றினோம். காயலான் கடையிலிருந்து நிஜ மட்கார்டும், உழுகருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லிவரும் வாங்கிப் பொருத்தினோம்.

அடுத்தது இருக்கை. காருக்கான அசைவு மேடை, பிரேக்கின் விசையை உணர்த்த இருக்கையை மெல்லச் சாய்த்துப் புவியீர்ப்பைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். ஆனால் டிராக்டரின் பின் அச்சுக்கு ஸ்பிரிங் கிடையாது, டயர்தான் எல்லாம். வரப்பில் ஏறி இறங்கும் உலுக்கல் நேராக முதுகெலும்புக்கு வருகிறது. மேல்-கீழ் அதிர்வில் நொடிக்கு 4 முதல் 8 முறை வரையிலானதே உடம்பை அதிகம் வருத்தும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் மேடையைத் தேர்ந்தெடுங்கள், அதிர்வளவுக்கு ஐ.எஸ்.ஓ 2631 தரநிலையைப் பாருங்கள். நிறுத்தும் பொத்தான் ஓட்டுபவர் கையில் இருக்கட்டும்.

மண்ணுக்கு, கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டிகளை ஆராய்ந்த பொறியாளர் பெக்கர் 1950களில் வகுத்த அழுத்தம்–அமிழ்வுக் கணக்கு (எவ்வளவு அழுத்தினால் மண் எவ்வளவு அமிழும் என்பது) நல்ல தொடக்கம். 1971இல் நிலவில் ஓடிய வண்டிக்கும் அவர் உழைப்பு பயன்பட்டது. ஆனால் நாற்று நடக் கலக்கிய சேறு குழம்பு போன்றது, அந்தக் கணக்குக்கு அடங்காது. மீஞ்சூர் வயல்களில் இருக்கைக்கு அடியில் அதிர்வை அளக்கும் முடுக்கமானி கட்டி, அளந்து அளந்துதான் திருத்தினோம்.

இவ்வளவு பாடு எதற்கு? சேற்றில் புதைந்த டிராக்டரில் கிளட்சைச் சட்டென விட்டால் முன்பக்கம் எழும்பி, ஓரிரு நொடிகளில் ஓட்டுபவர் மேலேயே கவிழ்ந்துவிடலாம். அந்த நொடிகளில் கை என்ன செய்கிறது என்பதை உயிருள்ள மனிதரை வைத்து வயலில் சோதிக்க முடியாது.

சிமுலேட்டரில் வரும் தலைசுற்றல், மயக்கத்தையும் மறக்காதீர்கள். வரப்போரத்தில் ஒடித்துத் திருப்பும்போது படம் சற்றுத் தாமதித்தாலும் குமட்டும். ஒரு அமர்வு பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

கடைசியாகச் சேர்த்தது ஒலி. அதை முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும். சுமை ஏறினால் என்ஜின் தாழ்ந்து முனகும். அதே பெரியவர் மறுபடி வந்தார். முனகல் கேட்டதும், பார்க்காமலே லிவரை ஒரு விரற்கடை தூக்கினார். அன்றிலிருந்துதான் தரவைச் சேமிக்கத் தொடங்கினோம்.