பாலம், கால்வாய், தண்டவாளம்: பழைய படங்கள் பற்றி வாசகர் கேட்டவை

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பாம்பன் பாலப் படம் கிடைத்தது. தேதி இல்லை. 1914 திறப்பு விழா அன்று எடுத்தது என்கிறார் பெரியப்பா. எப்படிச் சரிபார்ப்பது? – வாசகர், பரமக்குடி

பதில்: பெரியப்பா சொன்னது ஒருபக்கம் இருக்கட்டும், ஒரு பூதக்கண்ணாடியை எடுங்கள். பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில். அருகிலுள்ள சாலைப் பாலத்துக்கு 1974இல் அடிக்கல் நாட்டி, 1988இல் திறந்தார்கள். அதன் தூண் ஒன்று தெரிந்தாலே கேள்வி முடிந்தது.

தெரியாவிட்டால் ரயிலைப் பாருங்கள். பெட்டியில் எஸ்.ஐ.ஆர். என்ற எழுத்து இருந்தால் அது பழைய தென்னிந்திய ரயில்வேயின் பெட்டி. அந்த நிறுவனம் 1951 ஏப்ரல் 14இல் தெற்கு ரயில்வேயில் இணைந்தது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் பெயிண்ட் அடித்திருக்க மாட்டார்கள் என்பதால் மேலும் சில ஆண்டுகள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒய்.பி. வகை நீராவி எஞ்சின் என்றால் 1949க்கு முன் போக முடியாது. ஒய்.டி.எம்.4 டீசல் என்றால் 1961க்கு முன் போக முடியாது.

கர்டர்கள் (தூண்களின் மேல் தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள்) இல்லாமல் வெறும் தூண்கள் வரிசையாக நிற்கின்றனவா? 1964 டிசம்பர் புயலில் 145 கர்டர்களில் 126 போயின. ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். ஆகவே அந்தத் தோற்றம் அந்தச் சில வாரங்களுக்கு உரியது, இல்லையென்றால் 1914க்கு முந்தைய கட்டுமானக் காலத்தது. இரண்டில் எது என்பதைத் தாள் சொல்லும். ஓரம் ரம்பப் பல் போல வெட்டியிருந்தால் அந்தப் பிரிண்ட் 1914ஐச் சேர்ந்ததல்ல.

ஆனால் பிரிண்டின் வயது வேறு, படத்தின் வயது வேறு. மடிப்புக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது, விரலால் தடவினால் தட்டுப்படவில்லை என்றால், உங்களிடம் இருப்பது பழைய படத்தை மறுபடி படம் பிடித்த நகல். மூலம் இன்னொரு உறவினர் வீட்டில் இருக்கலாம், விசாரியுங்கள்.

கேள்வி: ‘தனுஷ்கோடி போட் மெயில், 1905’ என்று குறிப்பு எழுதிய கப்பல் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா? – வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம். ரயிலும் கப்பலும் சேர்ந்த இலங்கைப் பயணத்தைத்தான் போட் மெயில் என்றார்கள். 1914க்கு முன் இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறி நேரே கொழும்பில் இறங்கினார்கள். பாம்பன் பாலம் வந்தபிறகுதான் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி. கப்பலின் முகப்பில் ‘கோஷன்’ அல்லது ‘இர்வின்’ என்று படிக்க முடிகிறதா பாருங்கள். கோஷன் 1924 முதல் 1929 வரை சென்னை மாகாண கவர்னர், இர்வின் 1926 முதல் 1931 வரை வைஸ்ராய். பதவிக்கு வரும் முன்பே அவர்கள் பெயரைக் கப்பலுக்கு யார் வைத்திருப்பார்கள்?

கேள்வி: பக்கிங்காம் கால்வாயில் பாய்மரப் படகு போகும் படம் என்னிடம் உள்ளது. எந்த இடம், எந்தத் திசை என்று கண்டுபிடிக்க வழி உண்டா? – வாசகர், மயிலாப்பூர்

பதில்: முதலில் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவாகப் பயன்பட்ட கண்ணாடித் தகட்டை மாற்றி வைத்து அச்சிடுவது சாதாரணமாக நடப்பதுதான். படகில் எழுதிய எண், ஆளின் சட்டைப் பித்தான், முந்தானை விழும் தோள், இவை காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து இடம். சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான வடபகுதி 1806இல் காக்ரன் கால்வாயாகத் தொடங்கியது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877–78இல், நிவாரண வேலையாக வெட்டியது. மயிலாப்பூர்ப் பகுதி இதில்தான் வருகிறது. அங்கே எடுத்த படம் என்றால் அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. 1875 முதல் 1880 வரை கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரைத்தான் கால்வாய்க்கு வைத்தார்கள். ஆகவே ‘பக்கிங்காம் கால்வாய், 1860’ என்ற குறிப்பு பின்னாளில் யாரோ எழுதியது.

திசைக்கு நிழல் உதவும். கால்வாய் பெரும்பாலும் வடக்கு தெற்காக ஓடுவதால், நிழல் நீரின் குறுக்கே விழுந்தால் காலை அல்லது மாலை. நடுப்பகல் படத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நிழல் எப்போதும் வடக்கே விழும் என்பது சென்னைக்குப் பொருந்தாது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது, நிழல் தெற்கே விழுகிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் கிழக்குக் கரையை மேற்குக் கரை என்று எழுதிவைப்பீர்கள்.

கேள்வி: ரயில் நிலையப் பெயர்ப் பலகையை வைத்துக் காலம் சொல்ல முடியுமா? – வாசகர், மானாமதுரை

பதில்: உங்கள் ஊர்ப் பெயரே நல்ல கருவி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ‘னா’வைச் சுழித்து ஒரே எழுத்தாக எழுதினார்கள். திருவண்ணாமலைப் பலகையில் ‘ணா’, ‘லை’ இரண்டையும் பார்க்கலாம். புது வடிவம் இருந்தால் படம் பெரும்பாலும் 1978க்குப் பிந்தையது. பழைய வடிவம் அவ்வளவு உறுதி தராது, பல பலகைகள் பெயிண்ட் உரியும்வரை அப்படியே நின்றன.

கேள்வி: கைவிட்ட மீட்டர்கேஜ் பாதையோரம் தண்டவாளத் துண்டுகளை வேலிக் கம்பமாக நட்டிருக்கிறார்கள். அதில் ஏதோ எழுத்து தெரிகிறது. எப்படிப் படிப்பது, படமெடுப்பது? – வாசகர், திருவாரூர்

பதில்: தண்டவாளத்தின் தலைக்கும் அடிப்பட்டைக்கும் நடுவே உள்ள மெல்லிய பகுதியில், உருட்டாலையிலேயே புடைப்பாக வந்த எழுத்து அது. தயாரித்த கம்பெனி, ஆண்டு, கஜத்துக்கு இத்தனை பவுண்டு என்ற எடை (50, 60, 75, 90) ஆகியவை இருக்கும். சில தண்டவாளங்களில் மாதமும் உண்டு. உலர்ந்த கம்பி பிரஷ்ஷால் தளர்ந்த துருவை மட்டும் தட்டிவிடுங்கள். ஆசிட், அரம் இரண்டும் கூடாது, எழுத்தே போய்விடும். மாலை மங்கியபின் டார்ச்சைக் கம்பத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் நிழல் நீண்டு விழும், அப்போது படமெடுங்கள். நேர் ஃபிளாஷில் ஒன்றும் தெரியாது. மெல்லிய தாளை வைத்து மெழுகுக் கிரேயானால் தேய்த்து ஒரு பதிவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு பாதை போட்ட ஆண்டு அல்ல. முதன்மைப் பாதையில் தேய்ந்த தண்டவாளம் கிளைப் பாதைக்குப் போகும், பிறகு சைடிங்குக்கு (பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பக்கப் பாதைக்கு), கடைசியில் வேலிக்கு. துண்டை வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆசை வேண்டாம். ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: சட்டம் போட்ட பழைய தனுஷ்கோடிப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுத்து ஸ்கேன் செய்யலாமா? – வாசகி, இராமநாதபுரம்

பதில்: பிரிக்காதீர்கள். படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். கடலோர ஈரத்தை உறிஞ்சி, இளகி, காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் படம் கண்ணாடியிலும் வெறும் தாள் கையிலும் வரும்.

பின் அட்டையையும் சட்டத்தையும் மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைத்து, அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். மெலிதான, விலை குறைந்த ஸ்கேனர்கள் பெரும்பாலும் சி.ஐ.எஸ். வகை. அவற்றுக்கு 2 மில்லிமீட்டர் கண்ணாடி குறுக்கே வந்தாலே படம் மங்கும். சி.சி.டி. வகை ஸ்கேனர் உள்ள ஸ்டூடியோவைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, இருபுறமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட கறுப்புத் துணியைக் கேமராவுக்கு முன் தொங்கவிட்டால் பிரதிபலிப்பு வராது.

அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு) போதும். 35 மி.மீ. நெகட்டிவ் என்றால் 2400க்குக் குறையாமல். டிஃப் வடிவில் சேமியுங்கள். ‘தூசி நீக்கு’ வசதியை அணைத்துவிடுங்கள், தந்திக் கம்பியையும் சிக்னல் கம்பியையும் தூசி என்று நினைத்து அழித்துவிடும். அகச்சிவப்புக் கதிரால் தூசி நீக்கும் வசதி கறுப்பு வெள்ளை வெள்ளி நெகட்டிவுக்கு உதவாது, வெள்ளி அந்தக் கதிரையும் மறைக்கிறது.

பிறகு அந்தப் படத்தை வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர்தான் முதலில் ஓதம் காக்கும். மற்ற படங்களுக்கு பி.வி.சி. உறை வேண்டாம், பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். அந்துருண்டையும் கூடாது.