கொழும்பில் பந்தை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்ட தம்பிக்கு

உனக்கு வயது 24. சென்னைக் கால்பந்து லீக்கில் சீனியர் டிவிஷன் வரை ஆடிய ஸ்ட்ரைக்கர், கோல் அடிக்கிற முன்வரிசைக்காரன். ட்ரையலுக்காகக் கொழும்பு வந்து இரண்டு வாரம் ஆகிறது. கழகம் ஒரு பருவத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறது. ஊரில் அப்பா, விளையாட்டு வீரர்களுக்கு ரயில்வே வேலை கொடுக்கும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு விண்ணப்பம் போடு, திரும்பி வா என்கிறார். "இங்கே பந்தை வைத்துப் பிழைக்க முடியுமா அண்ணா? ஜேமி வார்டி மாதிரி கீழிருந்து மேலே போக முடியாதா?" என்று கேட்டிருக்கிறாய். நானும் வியாசர்பாடியிலிருந்து இதே வேலைக்கு வந்து, பல கழகங்களுக்கு ஆடி, இங்கேயே குடும்பமாகிவிட்டவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரயில்வே அறிவிப்புக்கு உனக்குத் தகுதி இருந்தால் முதலில் அந்த விண்ணப்பத்தைப் போடு. வயது வரம்பு 25, தளர்வு கிடையாது. மாநில அணிக்கும் பல்கலைக்கழக அணிக்கும் ஆடியதற்குத்தான் அங்கே மதிப்பு. அதுவும் கடைசி இரண்டு மூன்று வருஷத்துக்குள் ஆடியிருக்க வேண்டும். கொழும்புக் கழகத்துக்கு நீ அடிக்கப்போகிற கோலை அந்தப் படிவத்தில் எழுத இடமில்லை. ஒரு பருவம் இங்கே கழிந்தால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். கோட்டாவுக்கு வாய்ப்பே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் சரி, கையெழுத்துப் போடு. ஆனால் கீழே சொல்கிற காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்கில் தொடங்கி பிரீமியர் லீக் வரை ஏறிய வார்டியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உனக்கு நான் காட்ட விரும்புவது அதே நாட்டு ஸ்ட்ரைக்கர்கள் ரிக்கி லாம்பர்ட்டையும் கிரான்ட் ஹோல்ட்டையும். லாம்பர்ட்டை பிளாக்பூல் கழகம் விட்டுவிட்ட பிறகு அவர் பீட்ரூட் ஆலையில் ஜாடிகளுக்கு மூடி திருகினார். ஒரு நாள் கூலி 20 பவுண்டு. அங்கிருந்து மேக்ல்ஸ்ஃபீல்ட், ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ், பிறகு 2009இல் சவுதாம்ப்டன். 31 வயதில், 2013 ஆகஸ்ட் 14 அன்று, இங்கிலாந்துக்காக முதல் ஆட்டம். வெம்ப்ளியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி, முதல் தடவை பந்தைத் தொட்டதே தலையால் முட்டிய கோல். 3-2 என்று ஜெயிக்க வைத்ததும் அந்தக் கோல்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது, இன்றைக்கும்.

ஹோல்ட் உனக்கு இன்னும் நெருக்கமானவர், ஏனென்றால் அவரும் கடல் தாண்டிப் போனவர். ஹாலிஃபாக்ஸில் இடம் கிடைக்காமல் 2001இல் சிங்கப்பூரின் செங்காங் மரீன் கழகத்துக்குப் போனார். திரும்பி வந்து, முழுநேரத் தொழில்முறை லீக்குகளுக்கும் கீழே இருந்த பாரோ கழகத்தில், டயர் வேலை பார்த்துக்கொண்டே ஆடினார். பிறகு ஷெஃபீல்ட் வென்ஸ்டே, ராச்டேல், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், ஷ்ரூஸ்பரி. கடைசியில் நார்விச். 2009இல் மூன்றாம் நிலையில் இருந்த அணியோடு சேர்ந்து, இரண்டே வருஷத்தில் முதல் நிலையான பிரீமியர் லீக் ஏறி, 2011-12 பருவத்தில் அங்கே 15 கோல் அடித்தார். 2005இல் ராச்டேலில் லாம்பர்ட்டும் ஹோல்ட்டும் ஒரே அணியில் ஆடினார்கள். நான்காம் நிலைக் கழகம் அது. அன்றைக்கு அந்த இரண்டு பேரும் எங்கே போய் நிற்பார்கள் என்று யார் நினைத்திருப்பார்கள்?

இவர்கள் திறமைசாலிகள், உழைப்பாளிகள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீ அவர்களைப் பார்க்கும்போது காலுக்கு அடியில் இருந்த தரையையும் பார். இங்கிலாந்தில் மேல் நான்கு நிலைகளில் மட்டும் 92 கழகங்கள். அதற்குக் கீழேயும் சம்பளம் கொடுக்கும் கழகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரு மேனேஜருக்குப் பிடிக்கவில்லை என்றால் ஒரு மணி நேரத் தொலைவில் இன்னொரு மேனேஜர். ஆகஸ்டில் லீக் தொடங்கும், மே மாதம் முடியும், ஜனவரியில் மாறலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு ஸ்ட்ரைக்கர் பத்து ஆட்டம் கோல் இல்லாமல் இருந்துவிட்டு, பதினொன்றாவதில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அங்கே ஆட்டம் இருக்கிறது. ஊர் ஊராகப் போய் ஆடியே ஒரு வாழ்க்கையை ஓட்ட முடிவது அதனால்தான்.

கொழும்பில் அந்தத் தரை மெல்லியது. 2021இல் பத்துக் கழகங்களோடு சூப்பர் லீக் தொடங்கியபோது எங்களுக்கெல்லாம் பெரிய நம்பிக்கை. அடுத்த வருஷம் பொருளாதாரம் விழுந்தது, பெட்ரோலுக்கே வரிசையில் நின்றோம். 2023 ஜனவரியில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இலங்கைக் கால்பந்துச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. லீக் நின்றால் கழகத்துக்கு வருமானம் நிற்கும். அப்போது முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவன் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர். நான் ஆடிய ஒரு கழகம், லீக் தள்ளிப்போனதும் சம்பளத்தை நிறுத்திவிட்டது. அறை வாடகையை உள்ளூர் பையன்கள் சேர்ந்து கட்டினார்கள். அந்த நன்றி எனக்கு இன்னும் தீரவில்லை.

இங்கே உள்ள நல்ல ஆட்டக்காரர்கள் எங்கே போகிறார்கள் என்று கவனித்துப் பார். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ். பந்தும் உண்டு, மாதச் சம்பளமும் உண்டு, பென்ஷனும் உண்டு. நம் ஊரில் ரயில்வே, ஐசிஎஃப் ரயில் பெட்டி ஆலை, வங்கி என்று போவதும் இதே கணக்குதான். யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்து கொழும்புக் கழகங்களில் ஆடும் பையன்களும் ஒரு கண்ணை அந்தப் பக்கம் வைத்துத்தான் ஆடுகிறார்கள். வெளிநாட்டுக்காரனான உனக்கு அந்தக் கதவு இல்லை. கம்பனிகளுக்கு இடையிலான மெர்க்கன்டைல் போட்டிகளுக்காக ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுப்பார்கள், அப்படி ஒரு களஞ்சியசாலையில்தான் நான் கால் ஊன்றினேன். ஆனால் அதுவும் கொட்டாஞ்சேனைப் பெண்ணைக் கட்டி, அந்த உறவில் விசா கிடைத்த பிறகுதான் நடந்தது.

இனி காகிதம். நீ வந்திருப்பது சுற்றுலா விசாவில் என்றால் அது 30 நாள், அதில் சம்பளத்துக்கு ஆடக்கூடாது. கழகம் உனக்கு வதிவிட விசாவுக்கு ஏற்பாடு செய்கிறதா என்று எழுத்தில் கேள். "பிறகு பார்ப்போம்" என்றால் நீயும் கையெழுத்தைப் பிறகு பார்த்துக்கொள். இந்தியச் சம்மேளனத்திலிருந்து இலங்கைச் சம்மேளனத்துக்குச் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வர வேண்டும். அது வராமல் உன்னை லீக்கில் இறக்க முடியாது, சிநேகபூர்வ ஆட்டங்களிலேயே உன் பருவம் தேய்ந்துபோகும். ஒரே பருவத்தில் மூன்று கழகங்களில் பதியலாம், ஆனால் அதிகாரபூர்வ ஆட்டம் ஆட முடிவது இரண்டுக்குத்தான். அதனால் இங்கே சும்மா ஒரு ஆட்டம் இறங்கிப் பார்ப்பது என்பது கிடையாது, அது ஒரு வாய்ப்பைச் செலவழிப்பது.

ஒப்பந்தத்தில் மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், லீக் தள்ளிப்போனாலும் உண்டா என்பது எழுதியிருக்க வேண்டும். கோலுக்கு போனஸ் என்று பெரிய தொகை காட்டிவிட்டு அடிப்படைச் சம்பளத்தைக் குறைப்பார்கள். அதற்கு மயங்காதே, நீ பெஞ்சில் உட்கார்ந்தாலும் வாடகை கட்டியே ஆக வேண்டும். முழங்கால் போனால் சிகிச்சைக்கு யார் பணம், திரும்பிப் போக டிக்கெட் யார் என்பதும் வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி இடம் தருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறவனுக்குத்தான் இது உதவும்.

மற்றபடி வாழ்க்கை கஷ்டமில்லை தம்பி. தமிழிலேயே பொழுதை ஓட்டிவிடலாம். கொட்டாஞ்சேனையில் அறை பிடி, சுகததாச அரங்கம் பக்கம். வெள்ளவத்தையில் வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதிகளான அனெக்ஸ்கள் வசதிதான், ஆனால் முற்பணம் அதிகம் கேட்பார்கள், காலையில் காலி வீதி நெரிசலில் பயிற்சிக்கு வந்து சேர்வதற்குள் கால் மரத்துவிடும். மதியம் சோத்துப் பார்சல் நன்றாக இருக்கும், ராத்திரி கொத்து ரொட்டியைப் பழக்கமாக்காதே. மைதானத்தில் சிங்களம் வேண்டும், முதல் வாரமே கோல்கீப்பரோடு உட்கார்ந்து கற்றுக்கொள். கொம்பனித்தெருவில் ஜாவா லேன் கழகத்தைச் சுற்றி உள்ள பெரியவர்களோடு பேசிப் பழகு. எந்தக் கழகம் ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். மே மாதம் தென்மேற்கு மழை வந்துவிட்டால் மைதானம் சேறு. குட்டையாகப் பாஸ் வாங்கித் திரும்பும் ஸ்ட்ரைக்கரைவிட, உயரமான பந்தை மார்பில் இறக்கி நிறுத்துகிறவனுக்கு அப்போது மதிப்பு. உன் ஆட்டம் எது என்று நீ எழுதவில்லை, அதையும் சொல்.

இன்று ராத்திரியே அப்பாவிடம் பேசி, ரயில்வே அறிவிப்பின் கடைசித் தேதி என்ன, உன் சான்றிதழ்கள் எந்த வருஷத்தவை என்று கேட்டு எழுதி வை. கழகம் கொடுத்த ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்பு, கையெழுத்துப் போடாமல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில் நான் இருப்பேன். வா, வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து பார்ப்போம்.