கோவைக்கு மறுபடி ஒரு தொழில்முறை கால்பந்து அணி வந்தால், கிளப்புகள் வரவுக்கு மீறிச் செலவழிப்பதைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் நிதி நேர்மை விதிகளில் எது அதைக் காப்பாற்றும்?

கேள்வி கேட்டவர் திருப்பூர்க்காரர். அவர் கேட்டது இரண்டு. ஓனர் சொந்தக் காசைப் போட்டு அணி கட்டினால் அதைத் தடுக்க லீக்குக்கு என்ன உரிமை? கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடி 2018-19இல் தேசிய லீக்குகளில் ஒன்றான ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி அணி, 2020-21 சீசனுக்குப் பிறகு அந்த லீக்கிலேயே இல்லையே, இந்த மாதிரி விதி இருந்திருந்தால் தப்பித்திருக்குமா?

முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடலாமுங்க. ஓனர் காசு போடுவது பிரச்சினை இல்லை. அவர் ஒருநாள் கையை விரித்துவிட்டால் கிளப்பில் என்ன மிஞ்சும் என்பதுதான் பிரச்சினை. வீரர்களோடு மூன்று, நான்கு வருடத்துக்குக் காண்ட்ராக்ட் போட்டிருப்பார்கள். ஓனர் அத்தனை வருடம் பணம் தந்தே ஆக வேண்டும் என்று பெரும்பாலும் எந்தப் பத்திரமும் இருக்காது. இங்கிலாந்தில் 1885இல் தொடங்கிய பெரி கிளப், கையில் பணம் இருப்பதை நிரூபிக்க முடியாமல் 2019 ஆகஸ்டில் லீக்கை விட்டே வெளியேற்றப்பட்டது.

ஆனால் நிதி விதி என்ற பெயரில் வந்த எல்லாமே இந்த ஆபத்தைத் தடுப்பதில்லை. இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக் 2013 முதல் வைத்திருந்த விதி நஷ்டத்தை அளப்பது. மூன்று வருடத்துக்குச் சேர்த்து 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டம் வரலாம். அதில் 9 கோடியை ஓனர் பங்கு முதலாகப் போட்டுக் காட்ட வேண்டும். அகாடமி, பெண்கள் அணி, மைதானக் கட்டுமானம் ஆகிய செலவுகள் இதில் சேராது. கீழ் டிவிஷனில் இருந்த வருடங்களுக்கு வரம்பு குறையும். நாட்டிங்காம் ஃபாரஸ்ட் இரண்டு வருடம் கீழே, ஒரு வருடம் மேலே இருந்தது, 1.3 + 1.3 + 3.5 என்று அதன் வரம்பு 6.1 கோடி. அதற்கு மேல் 3.45 கோடி போனதால் 2024 மார்ச்சில் 4 புள்ளி வெட்டினார்கள். கணக்கு முடிகிற தேதி ஜூன் 30. ஃபாரஸ்ட் தன் வீரர் பிரென்னன் ஜான்சனை விற்றது செப்டம்பரில். நல்ல விலைக்காகக் காத்திருந்தோம் என்ற வாதம் எடுபடவில்லை.

இதில் இருக்கும் பெரிய ஓட்டை, தண்டனை தாமதமாக வருவது. எவர்டன் 2021-22 வரையிலான கணக்கில் வரம்பை 1.95 கோடி பவுண்டு தாண்டியது. 2023 நவம்பரில் 10 புள்ளி போய், மேல்முறையீட்டில் அது 6 ஆனது. 2021-22 பட்டியலை எடுத்துப் பாருங்க. எவர்டன் 39 புள்ளி, கீழ் டிவிஷனுக்கு இறங்கிப்போன பர்ன்லி 35. அந்த 6 புள்ளியை அந்த சீசனிலேயே கழித்திருந்தால் எவர்டன் 33இல் நின்றிருக்கும், பர்ன்லி தப்பியிருக்கும். கீழே இறங்கியவனுக்கு இரண்டு வருடம் கழித்து வந்த தீர்ப்பால் என்ன லாபம்?

இரண்டாவது ஓட்டை, நஷ்டத்தை அளக்கும் முறையிலேயே இருக்கிறது. ஒரு வீரரை 100 கோடி ரூபாய்க்கு ஐந்து வருடக் காண்ட்ராக்டில் வாங்கினால், புத்தகத்தில் வருடம் 20 கோடிதான் செலவு. திருப்பூரில் நிட்டிங் மெஷினுக்குத் தேய்மானம் எழுதுகிற அதே கணக்கு. இரண்டு வருடம் கழித்து அவர் புத்தக மதிப்பு 60 கோடி. அப்போது 70 கோடிக்கு விற்றால் அந்த வருடம் 10 கோடி லாபம் என்று எழுதலாம். ரொக்கமாகப் பார்த்தால் 30 கோடி போயிருக்கும். அகாடமியில் வளர்ந்த பையனுக்குப் புத்தக மதிப்பு சைபர் என்பதால் 40 கோடிக்கு விற்றால் 40 கோடியும் லாபம். ஜூன் 30 நெருங்கும்போது கிளப்புகள் சொந்த ஊர்ப் பையன்களைத் தள்ளிவிடுவது இதனால்தான். ஊர்க்காரன் ஒருவன் மேலே வருவதைப் பார்க்கத்தான் ரசிகன் டிக்கெட் எடுக்கிறான். அவனையே முதலில் விற்கத் தூண்டுகிற விதியை நேர்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செல்சி மிகைலோ முட்ரிக்குக்கு எட்டரை வருடக் காண்ட்ராக்ட் கொடுத்து விலையை நீட்டிப் பிரித்தது. அதன் பிறகு 2023இல் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபாவும் பிரீமியர் லீக்கும் கணக்கில் பிரிக்க ஐந்து வருடமே உச்சவரம்பு என்று மாற்றின. அதே செல்சி தன் இரண்டு ஹோட்டல்களை 7.65 கோடி பவுண்டுக்குத் தன் சிஸ்டர் கன்சர்னுக்கே விற்று லாபம் காட்டியது. அப்போதைய பிரீமியர் லீக் விதியில் அதற்குத் தடை இருக்கவில்லை. யூஃபா அந்த வருமானத்தை ஏற்பதில்லை. 2025 ஜூலையில் 3.1 கோடி யூரோ அபராதம் போட்டது.

இப்போது எல்லோரும் வருமானத்துக்கு எதிராகச் செலவை அளக்கும் முறைக்கு வருகிறார்கள். வீரர், தலைமைப் பயிற்சியாளர் சம்பளம், வாங்கிய விலையின் வருடப் பங்கு, ஏஜென்ட் கமிஷன் மூன்றும் சேர்ந்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது யூஃபா விதி. 90, 80 என்று படிப்படியாக இறக்கி 2025-26இல் இங்கே கொண்டுவந்தார்கள். பிரீமியர் லீக் 2026-27 முதல் 85 சதவீதம் என்று வாக்கெடுப்பில் முடிவு செய்தது.

என் கணிப்பில் உண்மையில் வேலை செய்வது இரண்டு. ஒன்று, ஸ்பெயின் மாதிரி சீசனுக்கு முன்பே கட்டுவது. எதிர்பார்க்கும் வருமானத்திலிருந்து நிர்வாகச் செலவையும் கடன் தவணையையும் கழித்து, மிச்சம்தான் அணிக்கான வரம்பு என்று அந்நாட்டு லீக்கான லா லீகா ஒவ்வொரு கிளப்புக்கும் எழுதிக் கொடுக்கும். தாண்டினால் புதிய வீரரைப் பதிவே செய்ய முடியாது. 2021 ஆகஸ்டில் மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் போனது இந்தக் கதவில் முட்டித்தான். அங்கே பின்னால் வரும் தீர்ப்புக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு, பாக்கியைப் பார்ப்பது. ஜூலை 15, அக்டோபர் 15, ஜனவரி 15 என்று மூன்று தேதிகளில் மற்ற கிளப்புகளுக்கு, வீரர்களுக்கு, வரித்துறைக்கு நிலுவை உண்டா என்று யூஃபா கேட்கும். லாபத்தைப் புத்தகத்தில் தள்ளிப் போடலாம். சம்பளம் வரவில்லை என்று வீரர் சொன்னால் அதை எந்த ஆடிட்டரும் மறைக்க முடியாது. ஃபிஃபா விதியும் கடுமைதான்: இரண்டு மாதச் சம்பளம் நின்றால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வீரர் காண்ட்ராக்டை முறித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் அகில இந்திய கால்பந்து சம்மேளனமும் லைசென்ஸ் முறை வைத்திருக்கிறது. காகிதத்தில் நல்ல விதிகள். ஆனால் தேறாத கிளப்புகளுக்கு அபராதத்தோடு விலக்கு கொடுத்தே பல சீசன்கள் ஓடிவிட்டன. 2021-22இல் நாட்டின் முதல்நிலை லீக்கான ஐஎஸ்எல் கோப்பையை வென்ற ஹைதராபாத், இரண்டே வருடத்தில் சம்பள பாக்கியில் விழுந்து வீரர்களை இழந்தது. லீக்கின் நிர்வாகமே ஆட்டம் கண்டால் கிளப் மட்டும் எப்படி நிற்கும்? சம்மேளனம் ரிலையன்ஸ் தரப்போடு 2010இல் போட்ட 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிப்பு முடிவாகாததால் அந்த ஜூலையிலேயே ஐஎஸ்எல் சீசனை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி அணிப் பணிகளை நிறுத்தியது, பெங்களூரு சம்பளத்தை நிறுத்தியது.

இனி சென்னை சிட்டி. 2019இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் அதில் 26 சதவீதம் வாங்கியது. நம் கம்பெனிச் சட்டப்படி சிறப்புத் தீர்மானத்துக்கு முக்கால் பங்கு வாக்கு வேண்டும் என்பதால், 26 சதவீதம் வைத்திருப்பவர் ஒரு தீர்மானத்தைத் தடுக்கலாம். தடுக்கத்தான் முடியும், பணம் போட வைக்க முடியாது. நஷ்ட வரம்பு விதி இருந்திருந்தாலும் அதன் கதி மாறியிருக்காது என்பதே என் கருத்து. ஐ-லீக் கிளப்புகளின் சிக்கல் அதிகச் செலவு என்பதைவிட நிலையான வருமானம் இல்லாததுதான்.

ஆகவே அடுத்த அணிக்குக் கேட்க வேண்டியது வேறு. வீரர் முதல் கிட் மேன் வரை நான்கு மாதச் சம்பளத்துக்கு வங்கி உத்தரவாதம், சீசன் தொடங்கும் முன் லீக்கின் கையில். சம்பள வரம்பைக் கையெழுத்தான ஸ்பான்சர் ஒப்பந்தங்களை மட்டும் வைத்துப் போட வேண்டும்: 5 கோடி உறுதி என்றால் அணிக்கு 3.5 கோடி. பரிசுத் தொகையையும் டிக்கெட் வசூலையும் அதில் சேர்க்கவே கூடாது, முதலில் பொய்த்துப் போவது அவைதான். ஓனர் பணம் பங்காக வர வேண்டும். கடனாக வந்தால் கிளப் முடங்குகிற அன்றைக்கு அவரும் கடன் கொடுத்தவராகப் பணம் கேட்டு வரிசையில் நிற்பார்.

இதையெல்லாம் ரசிகர்களே சரிபார்க்கலாம். கிளப் ஒரு கம்பெனி என்றால், கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் ஆண்டுக் கணக்கைப் பார்க்கலாம். லாப நஷ்டத்தை விடுங்க. ஆடிட்டர் அறிக்கையில் நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்பதில் சந்தேகம் எழுதியிருக்கிறாரா, பிஎஃப், டிடிஎஸ் கட்டாமல் நிற்கிறதா, இயக்குநர்களிடம் வாங்கிய கடன் போன வருடத்தைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற மூன்றை முதலில் பாருங்க. இரண்டு வருடமாகக் கணக்கே தாக்கலாகவில்லை என்றால், சீசன் டிக்கெட் வாங்கும் முன் கிளப்பிடம் காரணம் கேளுங்க.