வெரிகோஸ் வெயின் ஏன் வருகிறது, ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?

அம்மாவின் கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது, சாயங்காலமானால் கால் கனக்கிறது என்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. தருமபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவன், இதே தொல்லைக்கு இடது காலில் லேசர் செய்துகொண்டவன். அந்த அளவில் சொல்கிறேன்.

நாம் பேச்சில் நரம்பு என்று சொல்வது உண்மையில் சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாய். முறுக்கிய சிரை தானாக நேராகாது. கர்ப்ப காலத்தில் வந்தது மட்டும் பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் வடிந்துவிடும். அதற்காக எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டும் என்றும் இல்லை.

காலுக்கு இறங்கிய ரத்தம் திரும்ப இதயத்துக்கு ஏறியாக வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை அதைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. ஏறியது இறங்காமல் தடுக்க சிரைக்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. கிணற்று மோட்டாரில் ஃபுட்வால்வு லீக்கானால் ஏறின தண்ணீர் இறங்கிவிடுமே, அதேதான் இங்கேயும். ரத்தம் தேங்கி, அழுத்தம் கூடி, தோலுக்கடியில் இருக்கும் சிரை பெருத்து வளைந்துவிடுகிறது.

வால்வு கெடுவதற்கு வம்சவாகு ஒரு பெரிய காரணம். வயது, உடல் எடை, பல பிரசவங்கள், முன்பு எப்போதாவது காலின் ஆழத்துச் சிரையில் ரத்தம் கட்டியிருப்பது, இவையும் சேரும். அப்புறம் நிற்கிற வேலை. அதிலும் நடமாட்டமே இல்லாமல் ஒரே இடத்தில் நிற்பதுதான் மோசம், கெண்டைத் தசைக்கு வேலையே இருக்காது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2018-ல் கேரளாவிலும் 2021-ல் தமிழ்நாட்டிலும் சட்டம் திருத்தினார்கள். எங்கள் பிரிவிலும் ஸ்டூல் இருக்கிறது. அதில் பெரும்பாலும் மடிக்காத சேலைகள்தான் உட்கார்ந்திருக்கும்.

நம் பக்கத்தில் கால் வலி என்றாலே “ஃப்ளோரைடு தண்ணி” என்று முடித்துவிடுவார்கள். ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன்பு போர்த் தண்ணீரே குடித்து வளர்ந்த ஊர்கள், அதனால் அப்படிச் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அது எலும்பையும் மூட்டையும் பிடிக்கிற நோய், இடுப்பும் கழுத்தும் விறைக்கும். வெரிகோஸ் வலி நிற்க நிற்க ஏறும், காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் இறங்கும். கணுக்காலில் வீக்கமும் அரிப்பும் வரும். உள்கணுக்கால் பக்கம் தோல் கறுத்துத் தடித்தால் இனிமேல் தள்ளிப்போடக் கூடாது, அடுத்தது ஆறாத புண்தான்.

மாத்திரை, எண்ணெய் என்று செலவு செய்வதற்கு முன்னால் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள், சிரைக்குள் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் ஸ்கேன் அது. நிற்க வைத்துப் பார்த்தால்தான் ரத்தம் பின்னோக்கி வருவது சரியாகத் தெரியும். எனக்குப் புடைப்பு கெண்டைக்காலில், லீக் தொடையின் மேல்பகுதியில். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எண்ணெய் போட்டு உருவினால் மேலே இருக்கிற வால்வு எப்படிச் சரியாகும்?

லீக் லேசானது என்றால் எடையைக் குறைப்பது, நடை, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது, அழுத்தக் காலுறை, இவற்றிலேயே தொல்லை நன்றாகக் குறையும். காலுறையைக் காலையில் வீக்கம் ஏறும் முன்பே போட வேண்டும். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருவது கொடுமை, மறைக்கவில்லை. போட்டிருக்கும் வரைதான் பலன், நோயைக் குணமாக்காது. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தாலோ, காலுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைவாக இருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

லீக் பெரிதாக இருந்து தொல்லையும் இருந்தால் அந்தச் சிரையையே அடைத்துவிடுகிறார்கள். முட்டிக்குப் பக்கத்தில் ஊசி குத்தி, மெல்லிய இழையை உள்ளே விட்டு லேசராலோ ரேடியோ அலையாலோ சூடு வைப்பார்கள். பசை வைத்து ஒட்டுவதும் உண்டு. சின்னக் கிளைகளுக்கு நுரை மருந்து ஊசி. தொடைமடியில் சிரையைக் கட்டிவிட்டு அதை உருவி எடுக்கிற பழைய ஆபரேஷனும் நடக்கிறது. “சிரையை அடைத்தால் ரத்தம் எப்படிப் போகும்?” என்று என் மனைவி கேட்டாள். காலின் ரத்தத்தில் பெரும்பகுதி ஆழத்துச் சிரைகள் வழியாகத்தான் போகிறது, அவை நன்றாக இருக்கின்றனவா என்று ஸ்கேனில் பார்த்த பிறகே கை வைப்பார்கள். நான் அன்றைக்கே நடந்தேன். பிற்பாடு வேறு சிரையில் திரும்ப வரவும் வாய்ப்புண்டு, அதனால் ‘நிரந்தரத் தீர்வு’ என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

புடைத்த சிரை உடைந்து ரத்தம் கொட்டினால் உடனே படுக்க வைத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உருவிவிடவே கூடாது, ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். அவசரம் இல்லையென்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அறுவை சிகிச்சைப் பிரிவில் சீட்டுப் போடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப்போய், எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.