ஸ்பீடோமீட்டர் 80, செல்போன் 76: ஐன்ஸ்டீனுக்கு இதில் பங்கு உண்டா?

கேள்வி: காட்பாடியில் டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறேன். பெங்களூரு ரோட்டில் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது செல்போன் ஜி.பி.எஸ். 76தான் காட்டுகிறது. பிளஸ் டூ படிக்கும் மகன், "ஓடுகிற வண்டியில் நேரம் மெதுவாகப் போகும், அதனால் வரும் வித்தியாசம்" என்கிறான். எதை நம்புவது?

பதில்: நேரான, திறந்த சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது செல்போனை நம்பலாம். ஸ்பீடோமீட்டர் சக்கரம் சுற்றுவதை வைத்துக் கணக்கிடுகிறது. உண்மை வேகத்தைவிட அது குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி. அதனால் தயாரிப்பவர்களே கொஞ்சம் கூட்டித்தான் வைக்கிறார்கள். டயர் தேயத் தேய இந்த வித்தியாசம் இன்னும் கூடும். அளவு மீறிய பெரிய டயர் மாட்டினால் கதை தலைகீழ்: முள் 80இல் நிற்கும், வண்டி அதற்கு மேல் பறக்கும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

சரி, மகன் சொன்னது? ஓடும் கடிகாரம் மெதுவாகும் என்ற ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கை சரி, அளவுதான் இடிக்கிறது. 80 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால், சாலையோரக் கடிகாரத்தைவிட உங்கள் கடிகாரம் ஒரு விநாடியில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குதான் பின்தங்கும். 80க்கும் 76க்கும் உள்ள அளவு வித்தியாசம் கடிகாரத்தில் வர, வண்டி விநாடிக்குச் சுமார் 93,600 கிலோமீட்டர் ஓட வேண்டும். எந்த எஃப்.சி.யிலும் அது தேறாது.

ஆனால் உங்கள் செல்போனுக்குள் ஐன்ஸ்டீன் இருக்கிறார். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில், விநாடிக்கு 3.9 கி.மீ. வேகத்தில் சுற்றுகின்றன. அந்த வேகத்தால் அவற்றின் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோ விநாடி (ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பின்தங்கும். உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் 45 முந்தும். நிகரமாக 38 முந்துவதால், ஏவுவதற்கு முன்பே கடிகாரத்தைக் கொஞ்சம் மெதுவாக்கி அனுப்புகிறார்கள். சிக்னல் வந்துசேர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் செல்போன் செயற்கைக்கோளின் தூரத்தைக் கணக்கிடுகிறது; சிக்னல் ஒளியின் வேகத்தில் வருகிறது, 38 மைக்ரோ விநாடியில் ஒளி 11 கி.மீ. போய்விடும். இதை வைத்து, திருத்தாவிட்டால் ஒரே நாளில் வேலூர்க் கோட்டையில் நிற்பவரைக் காட்பாடி தாண்டிக் காட்டும் என்பார்கள். அது கொஞ்சம் மிகை. எல்லாச் செயற்கைக்கோளும் ஏறத்தாழ ஒரே அளவு தவறினால், செல்போன் தன் சொந்தக் கடிகாரப் பிழையைக் கழிக்கும்போது அதில் பெரும்பகுதியும் சேர்ந்தே கழிந்துவிடும். வேகத்தையோ, வரும் சிக்னலின் அதிர்வெண் எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்துத்தான் அது கண்டுபிடிக்கிறது.

சந்தேகம் தீர வேண்டுமென்றால், பள்ளிகொண்டா பக்கம் கூட்டமில்லாத நேரத்தில் முள்ளை 80இல் நிறுத்தி, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து சரியாக ஐந்து கி.மீ. தள்ளி உள்ள கல் வரை ஓட்டுங்கள். ஸ்டாப்வாட்ச் மகன் கையில் இருக்கட்டும். 225 விநாடி வந்தால் ஸ்பீடோமீட்டர் சரி, 237 வந்தால் செல்போன் சரி.