பினாங்கில் வசந்தம் எப்போது வரும்?

முப்பது வருடம் கல்யாண வீடுகளில் படம் எடுத்துவிட்டு, இப்போது குருவிக்கும் குரங்குக்கும் பின்னால் அலைகிறவன் நான். இந்த மாதம் வந்த கேள்விகளில் நான்கு.

என் தோழி ஜப்பான் போய் செர்ரிப் பூவாக எடுத்துத் தள்ளுகிறாள். பினாங்கிலேயே கிடக்கும் எனக்கு வசந்தகாலப் படம் எடுக்க வழியே இல்லையா, அண்ணா?
– வாசகி, ஜெலுத்தோங்

இருக்கிறதம்மா. ஆனால் தேதி கேட்காதே. பஞ்சாங்கத்தில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். இங்கே சித்திரை பிறக்கும்போது சாயங்காலம் ஆனால் இடி இடிக்கும். நம் ஊருக்குப் பூக்காலம் அதற்கு முன்பே, பிப்ரவரி, மார்ச் வாக்கில் வந்துவிடும். சில வாரம் மழையே இல்லாமல் காய்ந்து, அப்புறம் ஒரு மழை பெய்ததும் சாலையோரத்து டெக்கோமா மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். சில நாள்தான். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று தள்ளிப்போட்டு வெறும் கிளையைப் படமெடுத்த அனுபவம் எனக்கு உண்டு. காலை எட்டு மணிக்குள் போ. உச்சி வெயிலில் அந்தப் பூ வெள்ளைத் துணி மாதிரி வெளிறிவிடும். ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் பினாங்குக்கு நேர் மேலே வந்து நிற்கும். மதியம் ஒன்று இருபதுக்கு உன் நிழல் உன் காலடியிலேயே கிடக்கும். அந்த வெளிச்சத்தில் படம் எடுப்பதைவிட சோறு சாப்பிடலாம்.

டெக்கோமா கிடைக்காவிட்டால் தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டி நேரே தாவரவியல் பூங்காவுக்குப் போ. 1884-இல் தொடங்கியது. அங்கே நாகலிங்க மரம் இருக்கிறது. சிவன் கோயிலில் பார்த்துப் பழகி நம் மரம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்ததாம். பூ அடிமரத்திலேயே பூப்பதால் கழுத்து வலிக்காமல் எடுக்கலாம்.

மேலே பார்த்தால் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்குகள். தாய் சாம்பல் நிறம், குட்டி பளிச்சென்று ஆரஞ்சு. சில மாதத்தில் அந்த நிறம் போய்விடும். வெளுத்த வானம் குரங்குக்குப் பின்னால் வரும்படி எடுத்தால் குரங்கு கறுப்புப் பொம்மையாகிவிடும். கேமராவில் வெளிச்சத்தை ஒரு படி கூட்டு, அல்லது இலை பின்னணியாக வரும் இடத்துக்கு நகர்ந்து நில். நீள வால் குரங்கு வேறு சாதி. அதற்கு உன் பையில்தான் கண். என் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து பசியாறியது. சம்பாலை மட்டும் ஒதுக்கிவிட்டது.

காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனி பிடித்துக்கொள்கிறது. துடைத்தால் மறுபடியும் வருகிறது.
– வாசகர், பட்டர்வொர்த்

துடைக்காதீர்கள். ஏர்கோனில் குளிர்ந்த கண்ணாடி நம் ஊர் ஈரக்காற்றைத் தொட்டால் வியர்க்கத்தான் செய்யும். கேமராவைப் பையோடு காரின் பின்பெட்டியில் வையுங்கள். இறங்கிய பிறகும் அரை மணி நேரம் பையைத் திறக்க வேண்டாம். அதற்குள் ஒரு தே தாரிக் குடித்துவிடலாம்.

எனக்குக் காலையில் எழுந்திருக்கவே வராது. மதியத்தில் எடுக்க ஏதாவது உண்டா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

உங்களுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது: போர்ட்டிக்சன் பக்கத்துத் தஞ்சோங் துவான். மார்ச்சில் போங்கள். குளிருக்குத் தெற்கே போன தேன் பருந்துகள் சுமத்திராவிலிருந்து நீரிணையைத் தாண்டி வடக்கே திரும்பும் வழி அது. கடல் அங்கே குறுகல், ஏறத்தாழ 38 கிலோமீட்டர். கடலுக்கு மேல் சூடான காற்று எழும்பாது. அதனால் பாவம், இறக்கையை அடித்து அடித்துக் களைத்துத் தாழ்வாக வரும். முற்பகல் பதினொன்றிலிருந்து கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் நின்றால் தலைக்கு மேலேயே கடக்கும். கரை சேர்ந்ததும் வெதுவெதுப்பான காற்று கிடைத்து, வட்டமடித்துப் புள்ளியாகிவிடும். ஆகவே கடலைப் பார்த்து நில்லுங்கள். ஷட்டர் வேகம் 1/1600 நொடியைவிட மெதுவாக வேண்டாம். தொப்பி கட்டாயம்.

கூட்டில் இருக்கும் குஞ்சை எடுக்க ஆசை. எவ்வளவு கிட்டே போகலாம்?
– வாசகி, தைப்பிங்

போகாதேம்மா. நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் இந்த மாதங்களில்தான் மணல் தரையில் பொந்து தோண்டி முட்டையிடும். சென்ற வருடம் ஓர் இடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் முக்காலியோடு பொந்தைச் சுற்றி நின்றார்கள். மறைக்கிறது என்று ஒருவர் புல்லை வேறு பிடுங்கிப் போட்டார். பறவை வாயில் தும்பியை வைத்துக்கொண்டு கம்பியில் உட்கார்ந்திருந்தது. அரை மணி நேரம் இறங்கவே இல்லை. எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை, திரும்பிவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

மறுவாரம் தனியாகப் போனேன். தூரத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, சன்னலில் அரிசிப்பை ஒன்றை வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்தி உட்கார்ந்தேன். கார் பறவைக்கு ஒரு பாறை மாதிரி, கண்டுகொள்வதில்லை. ஒன்று தேனீயோடு வந்து, கொடுக்கு போகக் கம்பியில் அடித்து அடித்துத் தேய்த்தது. இரண்டு நிமிடம் இருக்கும். அப்புறம் விருட்டென்று பொந்துக்குள் போய்விட்டது. நாற்பது படத்தில் ஒன்று சுமார். மற்றதெல்லாம் கம்பி.